நிற்கும் வாகனமும் ஓட்டப்படும் வாகனமே

(கவுன்சில் மொழிபெயர்ப்புச் சேவையின் தமிழ் மொழிபெயர்ப்பாளர், நூலக மண்டபத்தில் தமிழ்ப் பெற்றோருக்கும் மூத்தோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது போலத் தோன்றும். சந்தியிலே சிவப்பு விளக்கு எரிகிறது. வாகனத்தை நிறுத்திவிட்டோம். விளக்கு மாறுவதற்கு இன்னும் அரை நிமிடம் இருக்கிறது. அந்த அரை நிமிடத்தில் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்க்கலாமா என்பதே கேள்வி. கூடாது என்று ஒரு சொல்லில் விடை கூறிவிட்டு நான் அமர்ந்துவிடலாம். ஆனால் அந்த விடை இங்குள்ள பலருக்கும் முன்னமே தெரியும். தெரிந்திருந்தும் அகப்படுகிறோம். மனத்தின் ஆழத்தில் நாம் அந்த விடையை நம்புவதில்லை. "ஐயா, வாகனம் ஓடேல்லையே, நிண்டதுதானே!" என்ற ஒரே வாக்கியத்தை எத்தனையோ குரல்களில் நான் கேட்டிருக்கிறேன். பொய் சொல்பவர் குரல் அல்ல அது. உண்மையாகவே தமக்கு அநியாயம் நேர்ந்துவிட்டது என்று எண்ணுபவரின் குரல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவன். ஆனால் இங்கே மொழிபெயர்ப்பாளனாகவே பணியாற்றுகிறேன். ஆகவே நான் கூறுவதைப் பொதுவான விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த வழக்குக்கு ஒரு சட்டத்தரணியிடமோ சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்திடமோ ஆலோசனை பெறுங்கள்.

மேலே சொன்ன வாக்கியத்தின் பிழை எங்கே இருக்கிறது? என் எண்ணத்தில், அது ஓரளவு நம் மொழியிலேயே இருக்கிறது. 'ஓட்டுதல்' என்ற சொல்லுக்குள்ளே ஓட்டம் இருக்கிறது. ஓடாத ஒன்றை எப்படி ஓட்ட முடியும்? 'நிற்கும் வாகனத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்' என்று குற்றப்பத்திரத்தை மொழிபெயர்த்தால் தமிழ்க் காதுக்கு அது முரண்பாடாகவே ஒலிக்கிறது. ஆங்கிலச் சட்டத்தின் சொல் அப்படிப்பட்டதன்று. அது சக்கரம் சுழல்வதைக் குறிப்பதில்லை. வாகனத்தின் பொறுப்பு அந்த வேளையில் யாரிடம் இருக்கிறது என்பதையே குறிக்கிறது. இதற்கு நம்மிடம் வேறொரு நல்ல சொல் இருக்கிறது. ஈழத்தில் நாம் நாளும் வழங்கும் சொல். சாரதி. குருக்ஷேத்திரத்தில் கண்ணன் கீதை உரைத்தபோது தேர் ஓடவில்லை; இரு படைகளுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தது. அதற்காகக் கண்ணன் அந்நேரம் சாரதி அல்லன் என்று எவரும் சொல்வதில்லை. கடிவாளம் யார் கையிலோ அவரே சாரதி.

இங்கிலாந்து நீதிமன்றங்களும் ஏறத்தாழ இவ்வாறே பார்த்தன. 1973 ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் பதிவான எட்கின்ஸ் எதிர் நோல்ஸ் என்ற வழக்கு கைத்தொலைபேசி பற்றியதன்று. அக்காலத்தில் அந்தக் கருவியே நம் கையில் இல்லை. மது அருந்தியவரிடம் மூச்சுப் பரிசோதனை செய்வது பற்றிய வழக்கு அது. ஒருவர் எப்போது வாகனம் ஓட்டிக்கொண்டிருக்கிறார், எப்போது ஓட்டி முடித்துவிட்டார் என்பதை நீதிபதிகள் அதிலே ஆராய்ந்தார்கள். ஏன் நிறுத்தினார், எவ்வளவு நேரம் நிறுத்தினார், வாகனத்தைவிட்டு இறங்கினாரா என்பன போன்ற கேள்விகளைக் கேட்க வேண்டும் என்றார்கள். பயணம் முடியாமல் இடையில் நிற்பவர் இன்னும் ஓட்டுபவராகவே இருக்கலாம் என்றும் கூறினார்கள். அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாக அவர்கள் சுட்டியது எதை என்று நினைக்கிறீர்கள்? சமிக்ஞை விளக்கில் நிற்கும் வாகனத்தைத்தான். ஆக, இன்று நாம் வாதாடும் கேள்விக்கு, கைத்தொலைபேசி வருவதற்கு முன்பே விடை எழுதப்பட்டிருந்தது.

"நான் இயந்திரத்தையே நிறுத்திவிட்டேன்" என்று அடுத்த வாதம் வரும். இப்போதைய வாகனங்கள் பலவற்றில், நின்றவுடன் இயந்திரம் தானாகவே அணைந்து, மிதியைத் தொட்டதும் உயிர் பெறுகிறது. அத்தகைய வாகனத்துக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று அரசாங்கத்தின் வழிகாட்டல் வெளிப்படையாகவே கூறுகிறது. நெரிசலில் வரிசையாக நிற்கும்போதும் பொருந்தும். இந்த வாதம் நம்மிடையே பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. நம் உறவுகள் பல நாடுகளிலே வாழ்கிறார்கள். ஜேர்மனியில் 2017 முதல் உள்ள விதியின்படி, வாகனம் நின்று, இயந்திரமும் முற்றாக நிறுத்தப்பட்டிருந்தால் கைத்தொலைபேசியைக் கையில் எடுக்கலாம். தானாக அணையும் இயந்திரம் அங்கேயும் கணக்கில் இல்லை. டோர்ட்முண்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மைத்துனர் அந்த நாட்டு விதியை உறுதியோடு இங்கே சொல்வார். அவர் சொல்வது அங்கே சரி. பிரான்ஸ் இதற்கு நேர்மாறானது. அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2018 இல், வீதியோரத்தில் எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு நிறுத்தியிருந்த ஒருவரையும் போக்குவரத்தில் இருப்பவராகவே கொண்டது. அங்கே தண்டம் 135 யூரோ. அனுமதிப்பத்திரத்திலிருந்து 3 புள்ளிகள் கழியும். ஒரே குடும்பத்தின் மூன்று கிளைகள் மூன்று சட்டங்களின் கீழ் வாகனம் ஓட்டுகின்றன. திருமண வீட்டில் கேட்ட சட்டத்தை லண்டன் வீதிக்குக் கொண்டுவரக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு செவிவழிச் செய்தியும் உலவுகிறது. 'அழைப்பு எடுத்தால்தான் குற்றம். படம் எடுத்தால், பாட்டு மாற்றினால் குற்றமில்லை' என்பது அது. ஒரு காலத்தில் அதிலே உண்மை இருந்தது. இங்கே இந்தத் தடை 2003 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, கைத்தொலைபேசியைத் தொடர்பாடலுக்குப் பயன்படுத்துவதையே விதி மனத்திற்கொண்டிருந்தது. 2017 ஆகஸ்டில் வடமேற்கு லண்டனின் ரைஸ்லிப் பகுதியில் ஒருவர், வீதியிலே நடந்திருந்த விபத்தொன்றைக் கடந்து செல்லும்போது தம் கைத்தொலைபேசியால் அதைப் படம் பிடித்தார். நீதவான் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. ஐல்வர்த் கிரவுன் நீதிமன்றம் அதை மாற்றியது. அரச தரப்பு மேன்முறையீடு செய்தது. 2019 ஜூலை 31 அன்று உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் தேர்ல்வால் அம்மையாரும் நீதியரசர் கோஸும் அந்த மேன்முறையீட்டைத் தள்ளினார்கள். அன்றைய விதியின் சொற்களுக்குள் படம் பிடித்தல் அடங்கவில்லை என்பதே காரணம். அது பாதுகாப்பான செயல் என்று அவர்கள் கூறவில்லை. கவனயீனமாகவோ ஆபத்தாகவோ ஓட்டியதாக வேறு குற்றம் சாட்ட இடமுண்டு என்பதையும் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் நம் காதுகளுக்கு வந்து சேர்ந்தது 'விடுதலை' என்ற பாதி மட்டுமே.

அந்த ஓட்டை 2022 மார்ச் 25 அன்று அடைக்கப்பட்டது. அன்று முதல், கையில் பிடித்து எதைச் செய்தாலும் பயன்பாடே. திரையை ஒளிரச் செய்வது, மணி பார்ப்பது, பூட்டைத் திறப்பது, வந்த அழைப்பை வேண்டாம் என்று தள்ளுவது, பாட்டு மாற்றுவது, படம் எடுப்பது, அனுப்பாத செய்தியொன்றைத் தட்டச்சுச் செய்வது எல்லாமே அதில் அடங்கும். இணைய இணைப்பைத் துண்டித்து வைத்திருந்தேன் என்ற வாதமும் நில்லாது. மடியில் கிடந்ததை ஒரு கணம் எடுத்துப் பார்த்தாலும் கையில் பிடித்ததே ஆகும். பிள்ளைக்கு வாகனம் பழக்க அருகில் அமர்ந்திருக்கும் தந்தைக்கும் இதே விதிதான். அவர் கை சுக்கானில் இல்லாவிட்டாலும் பொறுப்பில் அவருக்குப் பங்கு உண்டு.

விதிவிலக்குகள் சில உள. உண்மையான அவசரத்தில், வாகனத்தை நிறுத்துவது ஆபத்தாகவோ இயலாததாகவோ இருக்கும்போது 999 அல்லது 112 ஐ அழைக்கலாம். உணவு வாங்கும் சாளரம் போன்ற இடத்தில், வாகனம் நின்றிருக்கையில், கைத்தொலைபேசியைக் காட்டிப் பணம் செலுத்தலாம். பொருள் அப்போதே அல்லது அதன்பின் கையில் கிடைக்க வேண்டும். வீதியின் காட்சியை மறைக்காதபடி தாங்கியில் பொருத்திய கருவியைக் கையில் எடுக்காமல் வழிகாட்டியாகப் பயன்படுத்தலாம். உணவு விநியோகம் செய்யும் தம்பிமார் இந்தக் கடைசி விதியைக் கவனமாகக் கேட்க வேண்டும். தாங்கியில் இருப்பதைத் தட்டுவது கையில் பிடித்த குற்றம் ஆகாமல் இருக்கலாம். ஆனால் அதிலே மூழ்கி வாகனக் கட்டுப்பாட்டை இழந்தால், அல்லது கவனயீனமாக ஓட்டினால், அதற்கென்று தனிக் குற்றங்கள் காத்திருக்கின்றன.

மெதுவாக ஊர்ந்தால் மன்னிப்பார்களா? உங்கள் பிள்ளைகள் அனைவரும் அறிந்த காற்பந்தாட்ட வீரர் டேவிட் பெக்கம் 2018 நவம்பரில் லண்டன் மேற்கு முனையின் கிரேட் போர்ட்லண்ட் வீதியில், மெல்ல நகரும் நெரிசலில், கையில் தொலைபேசியுடன் இருந்தார். அவரைப் பிடித்தது பொலிஸார் அல்லர். அவ்வழியே சென்ற பொதுமகன் ஒருவர் படம் எடுத்துக் கொடுத்தார். 2019 மே மாதத்தில் புரொம்லி நீதவான் நீதிமன்றம் அவருக்கு 6 புள்ளிகளும் 750 பவுண்டு தண்டமும் விதித்தது. ஏற்கெனவே 6 புள்ளிகள் இருந்ததால் மொத்தம் 12 ஆகி, ஆறு மாதம் வாகனம் ஓட்டத் தடையும் வந்தது. அடுத்த ஆண்டு திரைப்பட இயக்குநர் கை ரிச்சிக்கும் அதே அளவு தடை கிடைத்தது. ஹைட் பூங்காவில் சைக்கிளில் சென்ற ஒருவரின் கமரா அவரைப் பதிவு செய்திருந்தது. இன்று லண்டனில் சைக்கிள் ஓட்டுபவரின் தலைக்கவசத்திலும், அடுத்த வாகனத்தின் கண்ணாடியிலும் கமரா இருக்கிறது. அந்தப் பதிவுகளை மெட்ரோபொலிற்றன் பொலிஸார் இணையவழியே ஏற்றுக்கொள்கிறார்கள். நிற்கும் வாகனத்தின் சாரதிதான் படம் எடுப்பதற்கு மிக எளிதானவர் என்பதையும் நினைவில் வையுங்கள். அவர் அசைவதில்லை, நிமிர்வதுமில்லை.

இதுவரை சட்டம் சொன்னேன். சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும், நின்றவன் யாரை இடித்தான் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நிற்கும்போது ஒருவரையும் இடிப்பதில்லை. ஆபத்து நிற்பதில் இல்லை, புறப்படுவதில் இருக்கிறது.

சிவப்பு எரியும் அரை நிமிடத்தில் வாகனத்தைச் சுற்றியுள்ள உலகம் மாறிவிடுகிறது. நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் சைக்கிளுக்கென வரையப்பட்ட பெட்டிக்குள் இருவர் வந்து நிற்கிறார்கள். இடப்பக்கமாக ஒரு மோட்டார் சைக்கிள் நுழைகிறது. பச்சை மனிதன் அணைந்த பின்பும், கைத்தடியோடு வந்த மூதாட்டி வீதியின் நடுவிலேயே இருக்கிறார். தலை குனிந்திருப்பவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. பின்னால் ஒருவர் ஒலிப்பானை அழுத்துகிறார். திடுக்கிட்டு நிமிர்ந்து, விளக்கைப் பார்க்கிறார், பச்சை என்று காண்கிறார், மிதிக்கிறார். விளக்கைப் பார்த்தாரே ஒழிய வீதியைப் பார்க்கவில்லை. பச்சை விளக்கு 'போ' என்ற கட்டளை அன்று என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வழி தெளிவாக இருந்தால் போகலாம், கடந்துகொண்டிருக்கும் பாதசாரிக்கு வழிவிட வேண்டும் என்றே நெடுஞ்சாலைக் கோவை கூறுகிறது. 2022 ஜனவரி மாற்றத்துக்குப் பின், நாம் திரும்பப்போகும் வீதியைக் கடக்கக் காத்துநிற்பவருக்கும் வழிவிட வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், என் வீட்டிலிருந்து அரை மைல் தொலைவிலுள்ள சந்தியில், ஊரிலிருந்து என் தமக்கை அனுப்பிய செய்தியைச் சிவப்பு விளக்கில் வாசித்தேன். அம்மாவின் உடல்நிலை பற்றியது. பின்னால் ஒலி கேட்டது. புறப்பட்டேன். பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுமி, கால் தள்ளும் ஸ்கூட்டரில், நடைபாதை விளிம்பிலிருந்து ஓர் அடி இறங்கியிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள். அவள் தப்பியது என் திறமையால் அன்று. அவள் என்னைப் பார்த்ததால். நான் அவளைக் கண்டது அவள் பின்வாங்கிய பிறகுதான். அச்செய்தியில் இருந்த சொற்கள் எனக்கு இன்று நினைவில்லை. அந்த நீலச் சட்டை நினைவிருக்கிறது.

கையிலிருந்து கருவியைக் கீழே வைத்தவுடன் மனமும் வீதிக்குத் திரும்பிவிடுகிறது என்று நாம் எண்ணுகிறோம். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஸ்ட்ரேயரும் அவருடைய குழுவினரும் 2015 இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகக் கூறுகிறது. குரலால் கட்டளையிடும் கருவிகளைப் பயன்படுத்திய சாரதிகளுக்கு, அச்செயல் முடிந்த பின்பும் 27 விநாடிகள் வரை கவனம் முழுமையாகத் திரும்பாமல் இருக்கக் கூடும் என்று அவர்கள் கண்டார்கள். கையே படாத கருவிக்கு அது. லண்டனில் பல வீதிகளில் உள்ள 20 மைல் வேகத்தில், 27 விநாடியில் வாகனம் ஏறத்தாழ 240 மீட்டர் போய்விடும். சந்தியைத் தாண்டி, பேருந்துத் தரிப்பிடத்தைத் தாண்டி, பாடசாலை வாயில் வரை கூடப் போய்விடலாம்.

சமிக்ஞை விளக்குக்கும் இந்த நகருக்கும் பழைய உறவு உண்டு. உலகின் முதலாவது சமிக்ஞை விளக்கு 1868 டிசம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றத்துக்கு அருகில்தான் நிறுவப்பட்டது. புகையிரதப் பொறியியலாளர் ஜே. பி. நைட் வடிவமைத்த அதில், சிவப்பும் பச்சையுமாக வாயு விளக்குகள் எரிந்தன; ஒரு பொலிஸ்காரர் கையால் இயக்கினார். ஒரு மாதத்துக்குள்ளேயே அது வெடித்து, இயக்கியவர் காயமடைந்தார். அது நிற்க.

தண்டத்துக்கு வருகிறேன். 2003 இல் 30 பவுண்டு, புள்ளி இல்லை. 2007 இல் 60 பவுண்டும் 3 புள்ளிகளும். 2013 இல் 100 பவுண்டு. 2016 ஆகஸ்டில் பார்க்ஷயரில் ஏ34 நெடுஞ்சாலையில், கைத்தொலைபேசியில் பாட்டு மாற்றிக்கொண்டிருந்த பாரவூர்திச் சாரதி ஒருவர் மோதியதில் ஒரு பெண்மணியும் மூன்று பிள்ளைகளும் மாண்டார்கள். அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2017 மார்ச் 1 முதல் தண்டம் 200 பவுண்டும் 6 புள்ளிகளுமாக இரட்டிப்பானது. நீதிமன்றம் சென்றால் 1,000 பவுண்டு வரை போகலாம். பாரவூர்தி, பேருந்துச் சாரதிகளுக்கு 2,500 வரை. அனுமதிப்பத்திரப் பதிவில் சி.யு.80 என்ற குறியீடு நான்கு ஆண்டுகள் இருக்கும். காப்புறுதி நிறுவனம் கேட்கும்போது மறைக்க இயலாது. மூன்று ஆண்டுகளுக்குள் இரு முறை அகப்பட்டால் 12 புள்ளிகள். பொதுவாகக் குறைந்தது ஆறு மாதத் தடை. வாடகை வாகனம் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது ஆறு மாத வருமானம்.

ஆனால் ஒரு முறையே போதுமான ஒரு கூட்டத்தினர் இருக்கிறார்கள். 1995 ஆம் ஆண்டின் புதிய சாரதிகள் சட்டப்படி, பரீட்சையில் சித்தியடைந்து இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் இரத்தாகும். மீண்டும் பயிற்சிப் பத்திரம் எடுத்து, எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் எழுத வேண்டும். புதிய சாரதி என்றதும் பதினெட்டு வயதுப் பிள்ளையை நினைப்போம். ஆனால் இலங்கை, இந்திய அனுமதிப்பத்திரங்களை இங்கே நேரடியாக மாற்ற முடியாது. குடியேறி 12 மாதங்களுக்குப் பின் இங்குள்ள பரீட்சையில் சித்தியடைந்தே ஓட்ட வேண்டும். ஆகவே கண்டி வீதியில் இருபது ஆண்டுகள் பேருந்து ஓட்டிய ஐம்பது வயதுக்காரரும் இங்கே சட்டத்தின் கண்ணில் புதிய சாரதிதான். மணி பார்க்க ஒரு கணம் திரையைத் தொட்டால் அவர் மீண்டும் கற்றுக்குட்டி.

இங்கிருந்துதான் என் மேசைக்கு வரும் கதைகள் தொடங்குகின்றன. எவருடைய கடிதத்தையும் நான் இங்கே விவரிக்க மாட்டேன். அது என் தொழில் தர்மம். பொதுவான போக்கை மட்டும் கூறுகிறேன். வாகனம் தந்தையின் பெயரில் பதிவாகியிருக்கும். ஓட்டியவர் மகன். பதிவு கமராவிலிருந்து வந்திருந்தால், முதற்கடிதம் தந்தைக்கே வரும். அன்று வாகனத்தை ஓட்டியவர் யார் என்று 28 நாட்களுக்குள் அறிவிக்குமாறு அது கேட்கும். 1988 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம், பிரிவு 172. இதற்குப் பதில் அளிக்காமல் விடுவது தனிக் குற்றம். அதற்கும் 6 புள்ளிகள், 1,000 பவுண்டு வரை தண்டம். ஓட்டாத தந்தை, கடிதத்தை இழுப்பறைக்குள் வைத்த ஒரே காரணத்தால் குற்றவாளி ஆகிறார்.

மற்றப் பிழை இதைவிடப் பெரிது. அது அன்பினால் செய்யப்படுவது. மகன் சென்ற ஆண்டுதான் சித்தியடைந்தான், 6 புள்ளிகள் விழுந்தால் பத்திரம் போய்விடும், வேலையும் போய்விடும். தந்தைக்கோ புள்ளி ஒன்றும் இல்லை. 'நானே ஓட்டினேன் என்று எழுதிவிடுங்கள்' என்பார். பிள்ளைக்காகப் பழியை ஏற்பது நம் வழக்கத்தில் பெருமை. இங்குள்ள சட்டத்தில் அதன் பெயர் நீதியின் போக்கைத் திரித்தல். அதற்கு உயர்ந்தபட்சத் தண்டனை ஆயுட்காலச் சிறை. அமைச்சராக இருந்த கிறிஸ் ஹியூனின் வேகவரம்புப் புள்ளிகளை அவருடைய மனைவி விக்கி பிரைஸ் 2003 இல் தம்முடையதாக ஏற்றார். பத்தாண்டுகள் கழித்து, 2013 மார்ச்சில், சதக் கிரவுன் நீதிமன்றம் இருவருக்கும் தலா எட்டு மாதச் சிறை விதித்தது. அமைச்சர் பதவி முன்னமே போயிருந்தது, குடும்பமும் பிரிந்திருந்தது. தொடக்கத்தில் அது வெறும் 3 புள்ளிகள்.

அப்படியொரு பொய்யை எழுதித் தருமாறு என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நான் மறுத்தால் மனம் நோகிறார்கள். 'தமிழனுக்குத் தமிழன் இவ்வளவு செய்யக் கூடாதா' என்கிறார்கள். மொழிபெயர்ப்பாளனின் கடமை, நீங்கள் கூறுவதைக் கூறியபடியே மறுமொழியில் வைப்பது. பொய் என்று அறிந்த ஒன்றை எழுதிக் கொடுத்தால் அக்குற்றத்தில் எனக்கும் பங்கு வரும். அதைவிட, அந்த இளைஞன் மீண்டும் பரீட்சை எழுதினால் சில மாதங்களில் பத்திரம் திரும்பக் கிடைக்கும். சிறைக்குச் சென்ற தந்தையின் பெயர் எந்தப் பரீட்சையாலும் திரும்பாது.

கடிதம் வந்தால் செய்ய வேண்டியவற்றைக் கூறி முடிக்கிறேன். தனி நீதவான் நடைமுறை அறிவித்தல் என்ற கடிதம் வந்தால் பதில் அளிக்க 21 நாட்கள் உண்டு. மௌனமாக இருந்தால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதப்படும். குற்றமில்லை என்று நீதிமன்றம் செல்ல விரும்பினால், தமிழ் மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றமே இலவசமாக ஏற்பாடு செய்யும். தேவை என்பதைப் படிவத்தில் முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். வீடு மாறியவர்கள் டி.வி.எல்.ஏ. பதிவில் முகவரியை உடனே மாற்றுங்கள், சாரதிப் பத்திரத்திலும் வாகனப் பதிவிலும் தனித்தனியே. மாற்றாததற்கே தண்டம் உண்டு. அதைவிட, பழைய வாடகை வீட்டின் கதவடியில் உங்கள் 28 நாட்கள் கரைந்துபோகும்.

வாகனத்தில் ஏறுமுன் தொலைபேசியை ஒலியடக்கிக் கைப்பெட்டிக்குள் வைத்துவிடுவதே நான் இப்போது செய்வது. அவசியம் பார்க்க வேண்டுமானால் பக்க வீதியிலோ தரிப்பிடத்திலோ முறையாக நிறுத்தி, இயந்திரத்தையும் அணைத்த பின் பாருங்கள். இரட்டைச் சிவப்புக் கோடு உள்ள பெருவீதியில் 'ஒரு நிமிடம்' என்று ஒதுங்காதீர்கள். அங்கே நிறுத்துவதே தனித் தண்டம். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அவர் வேலை முடிந்து வரும் நேரம் உங்களுக்குத் தெரியும். 'எங்கே வருகிறீர்கள்' என்று அந்நேரத்தில் மூன்று முறை அழைக்காதீர்கள். சிவப்பு விளக்கில் எடுக்கப்படும் தொலைபேசிகளில் பல, வீட்டிலிருந்து அடிக்கப்பட்டவையே.

எங்கள் சேவைக்குக் கடிதத்தைக் கொண்டு வருபவர்கள் உறையையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். திகதி முத்திரை பெரும்பாலும் உறையில்தான் இருக்கும். நாட்களை எண்ணுவதற்கு அது வேண்டும்.